மிக்கேலக்கா அணைச்ச டிவி

ஒரு ஊர்ல ஒரு டிவி இருந்துச்சு. ஊருக்கே ஒண்ணுதான். எந்த ஊருன்னா, அத்தை பிறந்த கடக்கரை ஊருதான், ஜெனி. அப்போ எனக்கு உன் வயசு. நீ நடுவுல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன்.

"ம்."

அந்த டிவி பஞ்சாயத்து ரூம்ல, கதவு வச்ச ஒரு மரப்பெட்டிக்குள்ள இருக்கும். சாவி மிக்கேலக்காகிட்ட. ரூமைப் பெருக்கி, சாயங்காலம் டிவி போட்டு, அப்புறம் அணைச்சுப் பூட்டுறது அவங்க வேலை. அவங்களுக்குப் புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. ஒரே ஒரு தம்பி, தஸ்நேவிஸ். தூக்கி வளத்த தம்பி. வள்ளத்துல கடலுக்குப் போற ஆளு.

சாயங்காலமானா எல்லாரும் பாயைத் தூக்கிட்டு வந்து ரூம் முன்னால மணல்ல உக்காந்துருவோம். முதல்ல டிவி "புஸ்ஸ்ஸ்"னு இரையும், வெறும் புள்ளி புள்ளியா தெரியும். யாராவது ஏறி ஆன்டெனாவைத் திருப்புவாங்க. "வந்துட்டா?" "வரலை." "இப்போ?" "ஆங், வந்துட்டு, அப்படியே புடி." நெத்திலி வறுத்த வாசம், பக்கத்துல இருக்கவங்க தோள் மேல தோள். அப்படி ஊரே சேந்து சிரிச்சதை நான் அப்புறம் எங்கயும் கேக்கலைட்டி.

"ம்."

நாடகம் முடிஞ்சதும் செய்தி வரும். செய்தின்னதும் ஊரே எந்திரிச்சிரும். பாயை எல்லாம் "பட் பட்"னு உதறுவாங்க. ஆரம்பத்துல அக்கா செய்தியை ஓட விட்டாங்க. "யாருக்குக்கா அது, அணைங்க"ன்னு ஆம்பளைங்க சொன்னாங்க. அப்புறம் அதுவே பழக்கமாயிட்டு. செய்தி வாசிக்கிறவர் முகம் வந்ததும் "டக்". அவ்வளவுதான்.

அப்போ ஒரு ஐப்பசி மாசம். சிரிப்பு நாடகம் ஒண்ணு தினம் போட்டுக்கிட்டிருந்தாங்க. முதல் நாள் நாடகம் முடிஞ்சுது, செய்தி வந்துச்சு, "டக்". ரெண்டாம் நாள் செய்தி வாசிக்கிறவர் பின்னால ஒரு படம், கடலும் அதுல வட்டமா ஒரு சுழியும். அக்கா கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. என்னமோன்னு நினைச்சாங்க. அப்புறம் "டக்". மூணாம் நாள் அவர் "மீனவர்கள்"னு ஒரு வார்த்தை சொன்னார். அக்கா காதுல அது விழுந்துச்சு. ஆனா விரல் அதுக்குள்ள அமுக்கிட்டு. வெளிச்சம் சுருங்கி, சுருங்கி, ஒரு புள்ளியாகி, போச்சு.

அக்கா அங்கயே நின்னாங்க. மறுபடி போடுவோமான்னு நினைச்சாங்க. எல்லாரும் நாடகத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிக்கிட்டே போறாங்க. அவங்களுக்கும் சிரிப்பு அடங்கலை. பூட்டிட்டுப் போயிட்டாங்க.

"ம்... அப்புறம்?"

விடிஞ்சதும் மூணு வள்ளம் கடலுக்குப் போச்சு. மூணாவதுல தஸ்நேவிசும் அவர் கூட்டாளி சூசையும். மத்தியானம் வானம் கறுத்துச்சு. காத்து "ஹூ... ஹூ..."ன்னு ஓலையைப் பிடுங்குது. அப்போ பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தார். கரையில நிக்கிற பொம்பளைங்களைப் பாத்ததும் அவர் முகம் மாறிட்டு.

"உங்க ஆளுங்க போயிட்டாங்களா? புயல் வருது, போகாதீங்கன்னு நேத்து டிவில சொன்னாங்களே."

 கடலையே பாத்துக்கிட்டு நின்னோம். கொஞ்ச நேரத்துல ஒரு வள்ளம் வந்துச்சு, தண்ணியை இறைச்சிக்கிட்டே. பொழுது சாயறப்போ ரெண்டாவது வந்துச்சு, பாய்மரம் ஒடிஞ்சு. மூணாவது வரலை.

சூசை பொண்டாட்டி அமலோற்பவத்துக்கு அப்போ வயித்துல ஆறு மாசம். அவங்க அண்ணன் கத்தினார். "அந்த ஊர் டிவி சொல்லுது, நம்ம டிவி சொல்லலையே. சிரிப்புக் காட்டியே ஏமாத்திட்டு. உடைச்சுப் போடுங்க அதை." நாலு பேர் ஓடிப் போய் பெட்டியோட டிவியைத் தூக்கிட்டு வந்து மணல்ல வச்சாங்க. ஒருத்தர் கையில வள்ளம் தள்ளுற தண்டு.

மிக்கேலக்கா முன்னால போய் நின்னாங்க. 

"டிவி சொல்லிச்சு. நான்தான் அணைச்சேன். மீனவர்கள்னு சொன்னது காதுலயும் விழுந்துச்சு. மறுபடி போட்டுப் பாத்திருக்கலாம். போடலை."

மழை "சோ"ன்னு கொட்டுது. அமலோற்பவம் அடிச்சிருவாங்கன்னு நான் அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க கிட்ட வந்து அக்கா மூஞ்சியையே பாத்தாங்க. 

அப்புறம் சொன்னாங்க: "முதல்ல பாயைச் சுருட்டினது நான்தான். மூணு நாளும் நான்தான்."

அதுக்கப்புறம் பின்னால ஒரு கிழவர், "அணைங்கன்னு சொன்னது நான்"னார். தண்டு வச்சிருந்தவர் அதைக் கீழ போட்டுட்டார். அக்கா இடுப்புல இருந்த சாவியை எடுத்து நீட்டினாங்க. "இனி வேற யாராவது வச்சுக்கோங்க."

அமலோற்பவம் வாங்கலை. "இப்போ போடுங்கக்கா. காத்து எப்போ அடங்கும்னு கேக்கணும்."

டிவியை மறுபடி உள்ள கொண்டுபோய் வச்சாங்க. நல்லவேளை, கரண்ட் இருந்துச்சு. நாடகம் எதுவும் யாரும் பாக்கலை. செய்தி வந்துச்சு. ஈரத் துணியோட ஊரே உக்காந்து கேட்டுது, கடைசி வரி வரைக்கும். புயல் வடக்க போகுது, விடிஞ்சா காத்து குறையும்னார். அமலோற்பவமும் அக்காவும் ஒரே பாய்ல உக்காந்திருந்தாங்க.  

தூங்கிட்டியா?

"இல்ல அத்தை. வந்தாங்களா?"

வந்தாங்க. மறுநாள் மத்தியானம், கரையோரமாவே நடந்து வந்தாங்க. தெக்க எங்கயோ பாறையில மோதி வள்ளம் துண்டு துண்டாயிட்டு. சூசைக்குக் கை ஒடிஞ்சிருந்துச்சு. தஸ்நேவிஸ் உடம்பெல்லாம் சிராய்ப்பு. அக்கா ஓடிப் போய்க் கட்டிக்கலை. நின்ன இடத்துலயே நின்னு, "நான்தான் தம்பி டிவியை அணைச்சேன்"னாங்க.

அவர் அக்காவைத் தாண்டி நடந்தார். வீட்டுக்குள்ள போயிட்டார். அப்புறம் பல நாள் அக்காகிட்ட பேசவே இல்ல. சாப்பாடு வச்சா சாப்பிடுவார், எந்திரிச்சுப் போயிருவார். சாயங்காலம் அக்கா டிவி போடுவாங்க. நாடகம் முடிஞ்சா ஒரு ஆளும் எந்திரிக்க மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்க எங்களுக்குன்னா தூக்கம் தூக்கமா வரும். கடல் எப்படி, காத்து எப்படின்னு சொல்லி முடிச்ச பிறகுதான் "டக்". அப்படி ஒருநாள் அணைச்சிட்டுத் திரும்புறாங்க, தஸ்நேவிஸ் நிக்கிறார். எப்போ வந்தார்னே தெரியலை.

"நாளைக்குக் கடல் எப்படின்னாங்கக்கா?"ன்னு கேட்டார். எல்லாம் அவரும் கேட்டுக்கிட்டுதான் நின்னிருக்கார்.

"நல்லாருக்குமாம் தம்பி"ன்னாங்க அக்கா.

"அப்போ போறேன்"னார்.

"..."

கதை கரை சேந்துட்டு, ஜெனியும் தூங்கிட்டா.