தொம்மையின் ஒன்பது தவறுகள்

ஒன்பது வயதில் தொம்மை கேட்ட சத்தம் அது. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குள்ளிருந்து யாரோ "ஃபூ... ஃபூ..." என்று ஊதினார்கள். அந்த மூச்சு கடற்கரை முழுக்கப் பரவியது. கடலே தூங்கி எழுந்து மூச்சு விட்டதைப் போல இருந்தது.

அன்றைக்கே அவர் மைக் செட்காரர் ஆகிவிட்டார்.

இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இருபத்தாறு வருடமாக அவருடைய செட்தான் பாடுகிறது. நாளை கொடியேற்றம். ஆம்ப்ளிஃபயர் ஊமையாகக் கிடந்தது.

அதைத் தோளில் சுமந்துகொண்டு திருநெல்வேலியில் ஒரு மாடிக்கடைக்கு ஏறினார். கடைக்காரி ரிஸ்வானா, அவருடைய மகளைவிடச் சின்னவள். பழுது பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

"தாயி, இது என்ன பேய் பிடிச்ச பெட்டியா? புது டிரான்சிஸ்டர் போடுதேன், சுவிட்சைத் தட்டுதேன், டப்புன்னு எரியுது. மூணு ஜோடி போச்சு. மிச்சம் ஒரே ஜோடி. இந்த மாடலுக்கு இனிமே எங்கயும் கிடைக்காது."

"போட்டதும் சுவிட்சைத் தட்டுவீயளா அண்ணாச்சி?"

"பின்ன, பூசை வச்சிட்டா தட்டுவாங்க?"

ரிஸ்வானா சிரித்தாள். கடைசி ஜோடியை அவரையே பூட்டச் சொன்னாள். பூட்டினார்.

பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய நூறு வாட்ஸ் குண்டு பல்பை எடுத்தாள். கரண்ட் அந்தப் பல்பைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும்படி ஒயரை இணைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

பல்பு பளீரென்று எரிந்தது.

"ஆகா!" என்றார் தொம்மை. "வெளிச்சம் ஜோரா வருதே!"

"அதுதான் சீக்கு."

"என்னது?"

"எங்கயோ கரண்ட் வழி தவறி ஓடுது. டிரான்சிஸ்டரை எரிக்க வேண்டியதை இந்தப் பல்பு வாங்கிக்கிடுது. இது மங்கணும். மங்கினா உங்க பெட்டி சுகம்."

"சரி, பாரு."

"நீங்கதான் பாக்கணும்." அவள் ஒரு கிண்ணம் நிறைய வறுத்த கடலையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

தொம்மையின் கைபேசி அடித்தது. திருவிழாக் கமிட்டி ரெக்ஸ்.

"மாமா, ஆகுமா ஆகாதா? அஞ்சு மணிக்குள்ள சொல்லிருங்க. இல்லன்னா டவுன்ல பெட்டி ஸ்பீக்கர் செட்டுக்குச் சொல்லிருவேன். பயலுவ எல்லாம் அதைத்தான் கேக்கானுவ."

மணி இரண்டு.

தொம்மை பிளக்கைப் பிடுங்கினார். ஒரு கப்பாசிட்டரைக் கழற்றினார். மறுபடி சுவிட்சைப் போட்டார்.

பல்பு பளீர்.

ரிஸ்வானா அவர் முன்னால் ஒரு கடலையை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"முதல் தப்பு."

டயோடைக் கழற்றினார். பளீர். இரண்டாவது கடலை.

மூன்றாவதுக்கு அவருக்குக் கோபம் வந்தது. நான்காவதுக்கு வெட்கம். இருபத்தாறு வருடத்தில் இத்தனை தவறுகளை அவர் யார் கண்ணெதிரிலும் செய்ததில்லை.

"எரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு தாயி."

"எது எரியுது?"

பார்த்தார். பல்பு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது கடலையை அவரே எடுத்து வைத்துக்கொண்டார். ஆறாவதுக்கு, "இதுவும் இல்லயாம்லா!" என்று தொடையில் தட்டினார். ஏழாவதுக்குச் சிரித்தேவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு. ஒன்பது.

பத்தாவதாக டிரான்சிஸ்டரைத் தாங்கும் அலுமினியத் தகட்டின் திருகில் கை வைத்தார். அது அசையவில்லை. பல்லைக் கடித்துத் திருகினார்.

"எவ்வளவு இறுக்குனீய?"

"பனைமரத்துல குழாய் கட்டுற மாதிரி. காத்தடிச்சா விழக்கூடாதுல்லா."

"இங்க காத்தடிக்குமா?"

திருகு கழன்றது. டிரான்சிஸ்டருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மைக்கா ஏடு. வெங்காயச் சருகைப் போல மெல்லியது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் காப்பது அதன் வேலை. ரிஸ்வானா அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

"நான் இறுக்குன இறுக்குல்லா!" என்று தொம்மை தலையில் அடித்துக்கொண்டார்.

புது ஏட்டை வைத்தார். திருகை ஏற்றினார். நின்றது. இன்னும் ஒரு சுற்றுக்குக் கை தானாகப் போனது.

ரிஸ்வானா அவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கழற்றிய மற்றவற்றையெல்லாம் திரும்ப அதனதன் இடத்தில் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார்.

பல்பு ஒரு கணம் மின்னியது. பிறகு மெல்ல, மெல்ல அடங்கி, உள்ளே இழை மட்டும் செம்பருத்தி மொட்டின் நிறத்தில் நின்றது.

"ஐயோ, அணையுதே!" என்று பதறினார். மறுகணம் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ரிஸ்வானாவும் சிரித்தாள்.

பிறகு அவள் பல்பைக் கழற்றினாள். பிளக்கை அவர் கையில் கொடுத்தாள். இனி நடுவில் ஒன்றும் கிடையாது.

"தாயி, பல்பு இருக்கட்டுமே. அது வழியாவே ஓட்டிக்கிடுதேன்."

"ஓட்டலாம் அண்ணாச்சி. கரண்ட் பத்தாது, பாட்டு வராது."

கைபேசி அடித்தது. மணி ஐந்து.

"மாமா, டவுன் செட்டுக்குச் சொல்லிரவா?"

தொம்மை கைபேசியை மேசைமேல் இருந்த ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தார். கடையிலிருந்த பிளேயரில் மாதா பாட்டைப் போட்டுவிட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினார்.

மாடி அதிர்ந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த கடலை குதித்தது.

"மாமா! காது! காது போச்சு மாமா!"

மறுநாள் கொடி ஏறியது, தொம்மையின் செட் பாடியது. அடுத்த வருடம் கமிட்டி புதுப் பெட்டி ஸ்பீக்கர் செட்டே வாங்கிவிட்டது. தவறுக்கு ஒரு கடலையாக வைத்து அதைப் பழகி, ஓட்டுகிறவர் தொம்மை.