எழுபத்திரண்டில் வந்த சாம்பார்

பேச்சியம்மாள் லோடு ஆட்டோ ஓட்டுகிறவள். அன்று கல்யாணப் பந்திக்கு ஒரு அண்டா சாம்பார் ஏற்றி வந்தாள். விளிம்பு வரை சாம்பார், மேலே மூடியாக வாழையிலை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து முன்னால் மூன்று வேகத்தடை. அதைத் தாண்டினதுமே இன்ஸ்பெக்டர் கனகசபை மறித்தார். வேகம் பார்க்கிற புது மெஷினை நீட்டிக் காட்டினார்.

“எழுபத்திரண்டு! மூணு மாசம் வண்டியத் தொடக்கூடாது” என்று லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்.

“அந்த வேகத்துல வந்தா சாம்பார் ரோட்டுலல்ல சார் கெடக்கும்?”

“மெஷின் பொய் சொல்லுமா? முடிஞ்சா நிரூபி பாப்போம்.”

பேச்சியம்மாள் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். “ஏறி அண்டா பக்கத்துல உக்காருங்க சார். அதே வேகத்தடை மேல எழுபத்திரண்டுல போறேன். ஒரு சொட்டு சிந்தலேன்னா லைசென்ஸ் உங்களுக்கு.”

இன்ஸ்பெக்டர் ஆவி பறக்கிற அண்டாவையும் தன் வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏறவில்லை. அதற்குள் கூட நின்ற கான்ஸ்டபிள் மெஷினை, நின்றுகொண்டிருந்த ஆட்டோ பக்கம் திருப்பி அமுக்கிவிட்டார்.

“சார், இப்பவும் எழுபத்திரண்டுதான் காட்டுது.”

இன்ஸ்பெக்டர் லைசென்ஸைத் திருப்பி நீட்டினார். மண்டபத்தில் முதல் பந்திக்கு இலை போடும்போது சாம்பார் சுடச்சுடப் போய் இறங்கியது.