எட்டடிச் சுவர்

இது ஒரு கால்வாய்க்கரைக் குடிசைப் பகுதியில் நடந்தது. அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போக ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் வழி. பாதைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்த வேதவல்லி, பாதையில் போகிற வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

குடியிருப்பில் இரண்டு பைக்குகள் திருடுபோயின. சங்கச் செயலாளர் சௌந்தரராஜன் பாதையோரம் எட்டடிச் சுவர் எழுப்ப முடிவு செய்தார். வேலைக்கு வந்த கொத்தனார் ஏகாம்பரம், அதே குடிசைப் பகுதிக்காரர்.

"சுவர் வந்துட்டா பாதையில யாரு கண்ணும் படாதே. நாங்க எப்படிப் போய் வர்றது?" என்றாள் அவர் மனைவி கஸ்தூரி.

"நான் கட்டலன்னா வேற ஆளு கட்டுவான்" என்றார் அவர்.

கஸ்தூரி பதினோரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு செயலாளரிடம் போனாள். "எட்டடி எழுப்பினா பாதையில எங்களுக்கு ஆபத்து சார். இடுப்பளவு போதும். மேல கம்பி வலை போட்டுக்குங்க."

அவர் மனுவை வாங்கிப் படிக்காமலே மேசையில் வைத்தார். "பாதுகாப்பு விஷயம்மா, முடியாது."

சுவர் எழுந்தது. பாதையில் குப்பை சேர்ந்தது. குடிக்கிறவர்கள் பகலிலேயே அங்கே வந்து உட்கார்ந்தார்கள். நான்காம் மாதம் ஒரு பிற்பகல், வீட்டு வேலை முடித்துத் திரும்பிய கஸ்தூரியின் தாலியை ஒருவன் அறுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. கத்தியால் குத்திவிட்டு ஓடினான்.

அலறல் வேதவல்லிக்குக் கேட்டது. தினமும் கேட்கிற குடிகாரச் சண்டை என்று எண்ணி, கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். வழியில் வந்த யாரோ பார்த்துத் தூக்கியபோது கஸ்தூரிக்கு உயிரில்லை.

குத்தியவன் பிடிபட்டான். ஆனால் சாவு வீட்டில் மூன்று பேர் பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள்.

"என் கையாலயே கட்டினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஏகாம்பரம்.

"காதுல விழுந்தும் போகலையே நானு" என்றாள் வேதவல்லி.

செயலாளர் உள்ளே வரத் துணியாமல் தெருவிலேயே நின்றார். "கட்டச் சொன்னது நான்தான்."

கதை கேட்டவர்களே, குத்தியவனுக்கு அடுத்தபடியாக இந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்களில் யார்?

விடை: ஏகாம்பரம் மறுத்திருந்தாலும் சுவர் எழுந்திருக்கும். கண்ணால் பார்த்திருந்தால் வேதவல்லி ஓடியிருப்பாள். நிறுத்தவும் மாற்றவும் அதிகாரம் இருந்தவர் செயலாளர் ஒருவரே. ஆபத்தையும் சொல்லி, மாற்று வழியையும் அவரிடம் காட்டியிருந்தார்கள். ஆகவே அவர்தான். பிறகு அவரே சுவரைக் குறைக்கச் சொன்னார். இடிக்க ஏகாம்பரம்தான் வந்தார். கஸ்தூரி விழுந்த இடத்துக்கு வந்ததும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை மற்றவர்கள் இடித்தார்கள்.