தடித்த பக்கம்

"இந்த மூங்கில் எனக்கு அடங்காது அம்மிணி. நான் கெளம்பறேன்."

மாரப்பன் கத்தியைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை. மலையடிவாரத்து மூங்கில் கூடத்தில் பதினைந்து நாளாக, கூடை முடைய மூங்கிலை மெல்லிய பிளாச்சுகளாகப் பிளக்கப் படித்துக்கொண்டிருந்தது. படித்த லட்சணம் காலடியில் முறிந்து குவிந்து கிடந்தது.

மனுஷனுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார். சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி பாவாயி இன்னும் திரும்பவில்லை. முதலில் மகனை அனுப்பினார். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை. அவள் வந்து தப்பை ஒத்துக்கொள்ளட்டும் என்று எல்லாரிடமும் ஒரே சேதிதான் சொல்லிவிட்டார். காலையில் மச்சான் போனில் கூப்பிட்டு, நாளைக்கு அவள் கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போகிறாள், அங்கேயே இருந்துகொள்வாளாம் என்று சொல்லிவிட்டார்.

கூடத்தை நடத்தும் மயிலாவுக்கு அவர் மகள் வயதுதான். ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா போகும்? இன்னொரு மூங்கிலை அவர் மடியில் போட்டாள்.

"இதை மட்டும் பொளந்துட்டுப் போங்க மாமா."

பிளந்தார். பாதியில் வெட்டு ஓரமாக ஓடியது. ஒரு பக்கம் தடித்தது, மறுபக்கம் இளைத்தது. ஆத்திரம் வந்துவிட்டது அவருக்கு. இளைத்த பக்கத்தைப் பிடித்து வளைத்து இழுத்தார். படக்கென்று முறிந்தது.

"பாத்தியா? எவ்வளவு வளைச்சாலும் வழிக்கு வர மாட்டேங்குது."

மயிலா தானும் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே கோணலாகப் பிளந்தாள். வெட்டு ஓரத்துக்கு ஓடியது. இளைத்த பக்கத்தை அவள் வளைக்கவே இல்லை, அசையாமல் பிடித்துக்கொண்டாள். தடித்த பக்கத்தை மட்டும் மெல்ல வளைத்தாள். ஓரத்துக்குப் போன வெட்டு தானாக நடுவுக்குத் திரும்பியது.

"தடிச்சதையா வளைக்கறது?"

"எளைச்சதை வளைச்சா அது இன்னும் எளைச்சுத்தான் போகும் மாமா."

மாரப்பன் முறிந்த பிளாச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் கெளம்பறேன் அம்மிணி."

"எங்க மாமா?"

"மச்சான் ஊருக்கு. மூணு மணி பஸ் இருக்குதில்ல?"