சும்மா இருக்கிற வேலை

கல்லூரி முடித்ததிலிருந்து பேச்சிராஜா எந்தக் கம்பெனிக்குப் போனாலும் "முன் அனுபவம் போதாது" என்றே திருப்பி அனுப்பினார்கள். அன்று கல்யாணப் பந்தியில்கூட அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. கை நொடிக்கொரு தரம் போனைத் தடவியது.

எதிர் வரிசையில் அரிசி மில் முதலாளி தங்கதுரை. மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டார்: "என்னடே, இன்னும் சும்மாதான் இருக்கியா? சொகுசுதான்!"

"சொகுசா அண்ணாச்சி? பாயசம் வார வரைக்கும் நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, பாப்போம்."

"இதென்ன பெரிய காரியமா?" என்று வாயை இறுக மூடிக்கொண்டார் முதலாளி.

சாம்பார் வாளி அவர் இலையைத் தாண்டிப் போனது.

"ஏலே! இங்க இருக்கது யாருன்னு தெரியலையா?"

பந்தியே சிரித்தது. பேச்சிராஜாவின் கால் அப்போதுதான் ஆட்டத்தை நிறுத்தியது.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. இந்த வேலைக்கு உங்களுக்கு முன் அனுபவம் போதாது."