நாற்பத்தொரு சோதனைகள்

கோவில்பட்டியில் ஒலிப்பதிவு கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவிடம் படித்தவர்களிலேயே வயதில் மூத்தவர் ஆவுடையப்பன். டீச்சருக்கு முப்பத்தாறு. அவருக்கு அறுபத்தொன்று. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் கையை எடுக்க மாட்டார்.

அவர் படிக்க வந்ததற்குக் காரணம் மனைவி செண்பகவல்லி. தாலாட்டும் கும்மியுமாக அறுபது எழுபது பாட்டு அவளுக்கு மனப்பாடம். எந்த நோட்டிலும் கிடையாது. ஷார்ஜாவில் முழுகாமல் இருந்த மகள், "அம்மா பாட்டையெல்லாம் பதிஞ்சு அனுப்புங்கப்பா" என்று கேட்டிருந்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினார். ஒரு பக்கம் மைக்கையும் மறுபக்கம் லேப்டாப்பையும் செருகினால் குரலைப் பதிந்து தரும் பெட்டி. வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம், கோயில் கொடைத் திருவிழாவுக்கும் எடுத்துப் போகலாம் என்றார் கடைக்காரர்.

"இது நல்ல பெட்டிதானான்னு எப்படி டீச்சர் பாக்கிறது?"

"அவங்களைப் பாடச் சொல்லிப் பாருங்க சார்."

"அதுக்கு முன்னால?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். சிரித்துவிட்டு அடுத்த மாணவர் பக்கம் திரும்பினாள். முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும் போல என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வைகாசியிலிருந்து சோதனை நடந்தது. செண்பகவல்லியை முன்னறையில் உட்காரவைத்தால் ரோட்டுச் சத்தம் விழுந்தது. பின்னறையில் பக்கத்து வீட்டு மோட்டார். ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டார். மைக்கை மாற்றினார், வயரை மாற்றினார். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி போட்டு, குறையை எழுதி வைத்தார்.

ஆடியில் தெருக்கோயில் கொடை வந்தது. செண்பகவல்லி நடுவில் நின்று பாட, பெண்கள் சுற்றி வந்து கும்மியடித்தார்கள். ஆவுடையப்பன் பெட்டியில் ஒலியின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளம் ஓங்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தது. குறைத்தால் அவள் குரல் அமுங்கியது. ஒருவழியாகச் சரிப்படுத்திவிட்டு நிமிர்ந்தார். பெண்கள் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "பதிஞ்சிட்டீங்களா?"

"அடுத்த கொடைக்குப் பாத்துக்கலாம். பெட்டியோட குணம் இப்பத்தான் பிடிபடுது."

ஐப்பசியில் ஒரு காலை, துணி காயப்போட மாடிக்குப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாள் உடம்பைத்தான் கொடுத்தார்கள்.

நிறைமாதம் என்பதால் மகளால் விமானம் ஏற முடியவில்லை. போனில் அழுது ஓய்ந்து, ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா பாட்டு ஏதாவது இருக்காப்பா?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆவுடையப்பன் பெட்டியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தார். முகத்தில் சவரம் செய்யாத நரை.

"நாப்பத்தொரு பதிவு இருக்கு டீச்சர். எல்லாம் சோதனைக்கு எடுத்தது. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் பாடியிருப்பா. வெட்டி ஒட்டினா ஒரு தாலாட்டாவது தேறும்ல?"

"கேட்டுப் பாக்கலாம் சார்."

ஜெசிந்தா முதல் பதிவிலிருந்து ஓடவிட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமாங்க?" செண்பகவல்லி சிரித்தாள். "பாடட்டுமா?"

"இரு. இரையுது."

அடுத்தது.

"ஆராரோ..."

"இரு, இரு. சிவப்பு எரியுது."

அடுத்ததில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. "இரு" என்றது அவர் குரல். அடுத்ததில் நாற்காலி நகர்ந்தது. "இன்னும் கிட்ட வா. ம், பேசாத."

"இதைத் தள்ளி விடுங்க டீச்சர்," என்றார் ஆவுடையப்பன். "பின்னால இருக்கும்."

ஜெசிந்தா எதையும் தள்ளவில்லை.

இருபதைத் தாண்டியபோது செண்பகவல்லி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். பாடட்டுமா என்றும் கேட்கவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்து, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி, எழுந்து போனாள். ஆவுடையப்பன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் சாய்ந்தார். அது முடிந்ததும் பின்னால் சாய்ந்தார். முப்பதுக்குமேல் சாய்வதை விட்டுவிட்டார்.

கடைசிப் பதிவில் இரைச்சலே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்துவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"அடுப்புல குழம்பு கிடக்கு," என்றாள் செண்பகவல்லி. "போகட்டுமாங்க?"

"போ. நாளைக்குப் பாத்துக்கலாம்."

காலடிச் சத்தம் தள்ளிப் போயிற்று. பதிவு நின்றது.

மகளுக்கு என்ன அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது கேட்டாக வேண்டும் போலிருந்தது. பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெட்டி எப்படி டீச்சர்?"

ஜெசிந்தா வயரைக் கழற்றிச் சுற்றினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல பெட்டி சார். உங்க குரல் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு."