கருமாண்டியின் வலது கை

காட்டோரத்தில் இருந்த பழைய யானைக்குழியில் ஒரு புள்ளிமான் விழுந்துவிட்டது. கருமாண்டி என்ற கரடி ஓடிவந்தது. குழிக்குப் பக்கத்தில் நின்ற மருதமரத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு கொடியை உள்ளே விட்டது. மான் அதைக் கொம்பில் சுற்றிக்கொள்ள, ஒரே இழுப்பில் மேலே வந்துவிட்டது.

"ஒத்தைக் கையாலேயா?" என்று குரங்குகள் வாயைப் பிளந்தன.

அன்றிலிருந்து கரடிக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் வலது கையால் ஒரு பாறாங்கல்லைத் தூக்கித் தூக்கி இறக்கும். குரங்குகள் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் தூக்கும். இடது கைக்கு முதுகு சொறியும் வேலை மட்டும்தான்.

"ஒரு கைக்கே இவ்வளவு பலம். ரெண்டு கையும் சேர்ந்தா என்ன ஆகுமோன்னு எனக்கே பயமா இருக்கு" என்று சொல்லிக்கொள்ளும். அதை அடக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டது!

மழைக்காலம் வந்தது. கிழங்கு தோண்டப் போன காட்டுப்பன்றி தொந்தப்பனும் அதன் மனைவி செம்பியும் ஒன்றாக அந்தக் குழிக்குள் விழுந்தன. குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டுக் கரடி வந்தது. பின்னாலேயே குரங்குகளும் வந்தன. வினையே அதுதான்.

"அண்ணே, முதல்ல இவரை இழுங்க. அப்புறம் நான் வரேன்" என்றது செம்பி.

"ஒவ்வொருத்தரா இழுக்கிறதெல்லாம் சின்னப் பிள்ளைங்க வேலை, தங்கச்சி. ரெண்டு கொடி விடுறேன். ஆளுக்கு ஒண்ணைக் கவ்விக்குங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துடுறேன்."

"தண்ணி கழுத்துக்கு வந்தாச்சு. இப்பப் போய் வித்தை காட்டாதீங்க."

"வாயை மூடிக் கவ்வு செம்பி, உயிர் போகுது" என்று தொந்தப்பன் அலறியது.

கரடி இரண்டு மணிக்கட்டிலும் கொடியைச் சுற்றிக்கொண்டது. குழியின் விளிம்பில் நின்று மூச்சைப் பிடித்து இழுத்தது. பன்றிகள் ஒரு சாண் மேலே வந்தன. குரங்குகள் கைதட்டின. கரடி பல்லைக் காட்டிச் சிரித்தது.

அப்போது சேற்றில் அதன் கால் வழுக்கியது. மரத்தைப் பிடிக்கப் பார்த்தது. மரம் பக்கத்திலேயேதான் இருந்தது, பிடிக்கத்தான் கை இல்லை. மானைத் தூக்கிய அன்று இடது கை சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

தொபுக்கடீர்!

"இழுத்து முடிச்சாச்சா அண்ணே?" என்று கேட்டது செம்பி.

கரடிக்குத் தண்ணீர் மார்பளவுதான் இருந்தது. தொந்தப்பன் அதன் முதுகில் ஏறி, தலையை மிதித்து, ஒரே தாவலில் வெளியே போனது. செம்பியும் அப்படியே ஏறியது, ஆனால் "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மிதித்தது.

இப்போது குழிக்குள் கரடி மட்டும்தான். தண்ணீர் அதன் தாடையைத் தொட்டது. குரங்குகள் ஒரு கொடியை உள்ளே விட்டு, எல்லாம் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை.

"கொடியை மரத்தில் கட்டுங்கடா" என்று செம்பி அதட்டியது.

குரங்குகள் கட்டின. கரடி ஒரு கையால் கொடியைப் பிடித்துத் தொங்கி, மறு கையை மேலே நீட்டி, கை மாற்றிக் கை மாற்றி, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது.

"எந்தக் கையால ஏறினீங்க?" என்று ஒரு குரங்கு ஆசையாகக் கேட்டது.

கரடி இரண்டு கையாலும் மருதமரத்தை இறுகக் கட்டிக்கொண்டது.

தூக்குகிற கையைத்தான் ஊர் பார்க்கும். பிடித்து நிற்கிற கையை நாமாவது மறக்கக் கூடாது.